மாப்பிள்ளை இல்லாமல் போன ஊர்வலம்

மகளின் ஜானவாசத்துக்கு என் பழைய காரைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மேல்மூடியை மடக்கி வைக்கக்கூடிய, என்னைவிட வயதில் மூத்த கார். குளிர்காலம் வந்தால் இருமும், உதறும், அணைந்துபோகும். பவானிபூரில் எங்கள் சந்துக்காரர்கள் பாதிப் பேர் அதை ஒரு தடவையாவது தள்ளியிருப்பார்கள்.

மார்கழி முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்தேன். சோக் கம்பி பாதி வழியில் சிக்கிக்கொள்வதைக் கண்டுபிடித்துப் புதிது மாட்டினேன். அதன்பின் சாவியைத் திருப்பியதும் பிடித்தது. ஆனால் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடிச் சூடானால்தான் ஒழுங்காக நகரும். நானே சரிசெய்துவிட்டேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மகள் மட்டும் நம்பவில்லை. "எதுக்கும் ஒரு வாடகை வண்டி சொல்லி வச்சுக்கோப்பா. அவாத்து மனுஷா எல்லாரும் வர்றா. அவா முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே" என்றாள். மாப்பிள்ளை வங்காளி. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைக் காரில் ஊர்வலமாக அழைத்துவரும் எங்கள் வழக்கத்தைப் பார்க்க அவர் வீட்டார் ஆசையோடு வந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணிக்கு ஊர்வலம். ஐந்தரைக்கே மகள் வந்து நின்றாள்.

"இப்பவே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்குப்பா."

"ராகு காலத்துல யாராவது வண்டியைக் கிளப்புவாளா?"

"கிளம்ப வேண்டாம், சும்மா ஓட விடேன்."

நான் கேட்கவில்லை. ராகு காலம் முடிந்த பிறகுதான் சாவியையே தொட்டேன்.

அதற்குள் மாப்பிள்ளை மாலையோடு பின்சீட்டில் ஏறிவிட்டார். நாகஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் பிடித்தது. சூடாகும்வரை பொறுக்காமல் கியரைப் போட்டேன், உதறி நின்றது. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்தேன். பெட்ரோல் நாற்றம்தான் வந்தது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

மாப்பிள்ளை மாலையைக் கழற்றிச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேரோடு சேர்ந்து தள்ளினார். எஞ்சின் உயிர்பெற்றது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமே என்ற பயத்தில் அப்படியே ஓட்டினேன். நாகஸ்வரக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். பின்னால் மாலை மட்டும்தான் இருக்கிறது என்பது தெருமுனையில்தான் உறைத்தது. அப்போதும் நிறுத்தத் துணிவில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலி சீட்டைப் பார்த்துக் கைகூப்பினார். பக்கத்தில் என் மகள் வங்காள மொழியில் மளமளவென்று விளக்கிக்கொண்டிருந்தாள். முதல் சுற்று சாமிக்காம். மாப்பிள்ளையே தள்ளி அனுப்பிவைக்க வேண்டுமாம். சாமி போய்வந்த பிறகுதான் அவர் ஏறலாமாம்.

சாமிக்கே வண்டி ஓட்டக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. நான் தலையாட்டினேன். பூமி பிளந்தால் காரோடு உள்ளே போயிருப்பேன். என்னைக் காப்பாற்ற என் மகள் கல்யாணத்துக்கு முன்பே புகுந்த வீட்டில் பொய் சொல்லவேண்டியதாகிவிட்டது.

மாப்பிள்ளையை ஏற்றிவிட்டு மகள் என் பக்கம் குனிந்தாள்.

"சிரிச்ச முகமா ஓட்டுப்பா, எல்லாரும் பார்க்கறா."

சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.