மகளுக்காக உடைத்த சுவர்

என் மகளுக்கு வேர்க்காது. அவள் பிறந்து வந்த முதல் கோடையிலேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. சித்திரை வெயிலில் மதுரையே வேர்வையில் நனைந்து கிடக்க, அவள் நெற்றி மட்டும் சுட்ட ஓடுபோல் காய்ந்திருந்தது. மத்தியானமானால் காய்ச்சல் ஏறும், கண் செருகும். ஈரத்துணியில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு பொழுது சாயும் வரை உட்கார்ந்திருப்பேன்.

அவளுக்கு மூன்று வயதானபோது பெரியாஸ்பத்திரி டாக்டர் அவள் தோலை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“வேர்வை வர்றதுக்கு உள்ள அமைப்பே இவளுக்கு இல்லம்மா. இதுக்கு மருந்து கிடையாது. உடம்புல சூடு ஏறாமப் பாத்துக்கிட்டீங்கன்னா மத்த பிள்ளைங்க மாதிரி வளந்துருவா.”

என் கணவர் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். அதிகம் பேச மாட்டார். மறுநாள் வைகைக் கரைப் பக்கம் இருந்த எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் நின்று மேற்குச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“இந்தச் செவுத்த உடைக்கப் போறேன்” என்றார்.

வீட்டுக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார். கொத்தனார் சுவரில் ஒரு சதுரம் திறந்தார். அதில் மரப்பெட்டி ஒன்றைச் செருகினார்கள். பெட்டியின் வெளிவாயில் கெட்டியாகப் பின்னிய வெட்டிவேர்த் தட்டி. உள்ளே, ஒரு வக்கீல் வீட்டில் வேண்டாமென்று போட்டிருந்த மேசை விசிறி. தட்டிக்கு மேலே ஊசித் துளை போட்ட தகரத் தொட்டி. யுத்த காலம், தகரம் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித்தான் செய்தார். தொட்டியில் நீர் ஊற்றினால் தட்டி வழியே சொட்டி இறங்கும். விசிறி வெளிக்காற்றை ஈரத்தின் வழியே இழுத்து அறைக்குள் விடும்.

முதல் நாள் காற்று குளிர்ந்துதான் வந்தது. கூடவே தண்ணீரும் உள்ளே வந்தது. சுவர் ஊறிச் சுண்ணாம்பு உப்பியது, பாயெல்லாம் நனைந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “என்ன வாத்தியாரே, வீட்டையே கரைச்சுப்புடுவீங்க போலயே!” என்று சத்தம் போட்டார். என் கணவர் பெட்டியைக் கழற்றினார். திறப்பின் அடிப்பக்கத்தை வெளிநோக்கிச் சரிவாகச் செதுக்கி, சுண்ணாம்புக் காரை பூசிக் காயவிட்டார். தட்டிக்குக் கீழே ஒரு தகரத் தாம்பாளம், அதன் மூக்கிலிருந்து ஒரு குழாய். குழாய் வழியே இறங்கும் நீர் கொல்லைப்புறத்துக் கால்வாயில் போய் விழுந்தது. அதன் பிறகு உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவளுக்குக் காய்ச்சல் இல்லை. அறை முழுக்க வெட்டிவேர் மணம். விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து பேசினால் குரல் நடுங்கி வரும் என்று தானே கண்டுபிடித்துக்கொண்டாள். நான் கொல்லையில் நின்று தொட்டிக்கு நீர் ஊற்றும்போது தட்டிக்குப் பின்னாலிருந்து அந்த நடுங்கும் குரல் கேட்கும்.

“அம்மா, எம்புட்டுத் தண்ணி ஊத்துன?”

“ஒரு குடம்டி கண்ணு.”

“இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து!”

பேரையூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தாள். பேத்தி மத்தியான வேளையில் சிரித்து விளையாடுவதைப் பார்த்துவிட்டு, “இனி கவலையில்ல, வெயிலத் தாண்டிட்டா” என்றாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த கோடையையும் தாண்டினாள்.

மார்கழியில் அவளுக்குத் தொண்டை வலித்தது. ஊரெல்லாம் போர்த்திக்கொண்டிருந்த குளிர்காலம். நாங்கள் பயப்படாத மாதம் அது. இரண்டொரு நாளில் தொண்டைக்குள் வெள்ளையாகச் சவ்வு படர்ந்து மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோலைத் தடவிப் பார்த்த அதே டாக்டர் இந்த முறை தொண்டையைப் பார்த்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. விடியும்போது அவள் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. அந்தக் குளிர்ச்சியை என் கை அதுவரை அறிந்ததில்லை.

என் கணவர் அழவில்லை. பள்ளிக்கூடம் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். பின்னறையைப் பூட்டி வைத்தோம்.

மறுபடி சித்திரை வந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து தயங்கி நின்றாள். அவள் புருஷன் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தார்.

“அக்கா, கேக்கக் கூடாதுதான். அந்தக் காத்துப் பெட்டி... அவரு வெக்கையில துடிக்கிறாரு.”

உள்ளேயிருந்து என் கணவர் எழுந்து வந்து, “இன்னைக்கே வச்சுத் தாரேன்மா” என்றார்.

அன்றே பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் அவர்கள் சுவரை உடைத்து, சரிவு வைத்து, குழாய் இறக்கிக் கொடுத்தார். ஒரு குடம் நீரை ஊற்றி, எல்லாம் வெளியே போகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வந்தார். வந்தவர் நேராகப் பின்னறைக்குள் போனார். சுவரில் இருந்த திறப்பின் வழியே அனல்காற்று அடித்தது. அதற்கு நேரே தரையில் உட்கார்ந்தார். நான் போய்ப் பார்த்தபோது தோள்கள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

“எந்திரிச்சு வாங்க, வெக்கையா இருக்கு” என்றேன்.

“இருக்கட்டும்” என்றார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எதிர்வீட்டுக்காரர் பிழைத்துவிட்டார். வைகாசியில் நாங்கள் வேறு தெருவுக்குக் குடிபோனோம். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.