குடிக்காதவரின் ஈரல்

என் கணவர் மிகவும் மெலிந்தவர். அவருடைய சட்டையைக் கொடியில் காயப்போட்டால், ஆள் அதற்குள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்கள். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை. வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளை நான் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு ஓயாத அசதி வந்தது. வலது விலாவுக்குக் கீழே கல்லை வைத்த மாதிரி கனக்கிறது என்றார். தோட்டத்து மருந்தையா வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஈரல் வீங்கியிருக்கும்மா. குண்டான ஆளுமில்ல. இது குடிக்கிறவங்களுக்கு வர்றது. கவனிச்சுக்க."

என் அப்பா சாராயத்தால் செத்தவர். ஈரல் என்ற சொல்லைக் கேட்டதுமே என் புத்தி கெட்டுவிட்டது. கணவரிடம் எதுவும் கேட்காமல் தேட ஆரம்பித்தேன். விறகுக்குப் பின்னால், கூரை இடுக்கில், அவருடைய கம்பளிக்குள் எல்லாம் சாராயப் போத்தல் தேடினேன். வேலை முடிந்து வருபவரை வாசலிலேயே நிறுத்தி வாயை மோந்து பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காதபோது, எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த அக்காவிடம் சொல்லி அழுதேன். ஒரே வாரத்தில் அது லயம் முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் வாசலில் ஆட்கள் நிற்கும்போதே கற்பூரம் கொளுத்தினேன்.

"அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"எதுக்கு?"

"குடிக்கலன்னு."

சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். "ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல. போதுமா?"

"சாமிகிட்டயே பொய் சொல்றீங்களே!" என்றேன். அவர் வீட்டுக்கு நடந்தார்.

அசதி கூடியதும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தமும் சிறுநீரும் சோதித்தார்கள். ஸ்கேன் எடுக்கக் கண்டிக்கு அனுப்பினார்கள். அந்தப் படத்துடன் திரும்பவும் பதுளைக்கு வந்தபோது, தமிழ் பேசும் இளம் டொக்டர் ஒருவர் அதைப் பார்த்தார்.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு."

"கொழுப்பா? இவருக்கா டொக்டர்?"

"மெலிஞ்ச ஆக்களுக்கும் வரும். வெளிய தெரியாது, உள்ளுக்குப் படியும். இவருக்குச் சீனி வருத்தமும் இருக்கு, நீரிழிவு. குடிப்பாரா?"

கணவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார்.

"இல்ல டொக்டர். குடிக்கமாட்டாரு." எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பெரகல சந்தி வரைக்கும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே அவர், "பசிக்குதா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன்; மன்னிப்பைக் கேட்கவேயில்லை.

அதன்பிறகு அவர் தேயிலைச் சாயத்தைச் சீனி இல்லாமல் குடித்தார். சோற்றைப் பாதியாகக் குறைத்து, கீரையும் பருப்பும் கூடுதலாகச் சாப்பிட்டார். விடிந்ததும் மலைப்பாதையில் நடந்தார். அடுத்த வருஷம் சோதித்தபோது ஈரல் நன்றாகத் தேறியிருந்தது. முகத்தில் தெளிவு வந்தது.

அப்போதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமான காரியத்தைச் செய்தேன். ஒரு நாள் நாங்கள் இருவரும் பீலியில் விழும் தண்ணீரைப் பிடிக்கப் போனபோது, அடுத்த காம்பரா அக்கா பலர் கேட்க என்னைப் புகழ்ந்தாள்.

"கற்பூரத்த அடிக்கவச்சுக் குடிய நிப்பாட்டிட்டாளே! பொம்பளன்னா இப்படி இருக்கணும்."

அவர் குடித்ததே இல்லை என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். நான் குனிந்து குடத்தைக் கழுவினேன். அவர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அவர் சாகும்வரை தோட்டத்தில் அவரைக் குடியை விட்டவர் என்றுதான் சொன்னார்கள்.