பந்தலூரில் நான் சாகடித்த கிரேக்க ராஜா

நீலகிரிக்குத் தேனிலவுக்குப் போவார்கள், மலர்க் கண்காட்சிக்குப் போவார்கள், வெயிலுக்குப் பயந்து போவார்கள். நான் ஒரு கிரேக்க ராஜா செத்துப்போனார் என்று ஊருக்கு அறிவிப்பதற்காகப் போனேன். பச்சைத் தேயிலை விலை விழுந்து மலையே சுருண்டு கிடந்த வருஷங்கள் அவை. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம். பந்தலூர் பக்கம் எப்படிப் போவது, என்ன பார்ப்பது என்று சிலர் கேட்டிருந்ததால் இப்போது எழுதுகிறேன். பாதை மாறவில்லை. பஸ் கட்டணமும் என் இடுப்பளவும் மாறிவிட்டன.

கூப்பிட்டவன் சவரிமுத்து. கோவையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். இருவரும் ஆங்கில இலக்கியம் படித்தோம். அதாவது அவன் படித்தான், நான் பக்கத்துக் கட்டிலில் இருந்தேன். கடைசி வருஷம் எங்கள் பேராசிரியர் ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகம் போட்டார். விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோரஸில் நின்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். போர்வையில் மூட்டைப்பூச்சி இருந்தது. நாயகனின் வீழ்ச்சிக்காக நான் துடித்த துடிப்பைப் பேராசிரியர் மறுநாள் வகுப்பில் பாராட்டினார். அத்தோடு எனக்குக் கிரேக்கம் முடிந்தது. சவரிமுத்துவுக்கு முடியவில்லை. பந்தலூர் அருகே ஓர் எஸ்டேட் பள்ளியில் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்த பிறகும் முகமூடி, கோரஸ் என்றே கடிதம் போடுவான். காதல் தோல்வியில் மலையேறிவிட்டான் என்று நாங்கள் கிளப்பிய வதந்திக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சுவாரஸ்யத்துக்காகக் கிளப்பினோம்.

அந்த ஜனவரியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான்.

"டேய், தூதன் வேஷத்துக்கு ஆள் இல்லடா. நீ வந்துரு."

"இருந்தவன் என்ன ஆனான்?"

"திருப்பூர் போயிட்டான்."

அந்த எஸ்டேட்டின் ஃபாக்டரியைப் பூட்டி மாதங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கலைவதற்கு முன் ஒரு நாடகம் போட்டுவிட வேண்டும் என்று கிரேக்கப் பாணியில் சவரிமுத்துவே ஒன்று எழுதியிருந்தான். எட்டு நடிகர்களோடு ஆரம்பித்தது மூன்றுக்கு வந்து நின்றது. அவனுக்கு அதில் வருத்தமே இல்லை.

"கிரேக்கத்துல மொத்தமே மூணு நடிகருங்கதான்டா. முகமூடிய மாத்தி மாத்தி எல்லா வேஷமும் அவங்களே கட்டுவாங்க. ஆள் போகப் போக நாடகம் சுத்தமாயிட்டே வருது."

"கடைசியில சாமி மேலிருந்து இறங்குமே, அது?"

"சாமி வேஷம் போட்டவரும் திருப்பூர் போயிட்டாரு."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவையில் ஊட்டி பஸ். ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், அப்போது டிக்கெட் முப்பது சொச்சம். மேட்டுப்பாளையம் தாண்டியதும் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சன்னல் பக்கம் மாறிக்குங்க. உங்களுக்கு நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார். மாறிக்கொண்டேன். குன்னூர் வருவதற்குள் அவர் எவ்வளவு அனுபவசாலி என்பது தெரிந்துவிட்டது. ஒன்பதரைக்கு ஊட்டி. அங்கிருந்து கூடலூர் ஐம்பது கிலோமீட்டர்; இறக்கம் என்பதால் பஸ் வேகமாகப் போகும், வயிறு பின்னால் வரும். கூடலூரில் மீன் குழம்பும் சோறும். பிறகு நாடுகாணி, தேவாலா வழியாகப் பந்தலூருக்கு இன்னொரு மணி நேரம். பந்தலூரிலிருந்து எஸ்டேட்டுக்கு ஜீப், தலைக்குப் பத்து ரூபாய். ஜீப்பில் நான் மட்டும்தான் தலை.

"நாடகத்துக்கோ?" என்றார் ஓட்டுநர், வயநாட்டுக்காரர். "அங்க இப்ப ஆளைக் காட்டிலும் ஆனை ஜாஸ்தி சாரே. அஞ்சு மணிக்கு மேல வெளிய நிக்கண்டா."

எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் ஏதோ தப்பாகத் தெரிந்தது. இடுப்புயரத்தில் வெட்டிவிட்ட பாய்போல இருக்க வேண்டிய தேயிலை, பறிக்க ஆளில்லாமல் மரமாக வளர்ந்து நின்றது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் பாதி வீடுகள் பூட்டு. ஃபாக்டரிப் பக்கம் போனால் மூக்கை நிறைக்கும் அந்த வறுத்த வாசனையும் இல்லை. ஆனால் இடத்தைப் பார்த்ததும் சவரிமுத்துவை மனதுக்குள் பாராட்டினேன். கிரேக்கர்கள் மலைச்சரிவில் படிகளை வெட்டி ஊரை உட்காரவைத்து, கீழே வட்டக் களத்தில் நாடகம் போட்டார்கள். பின்னால் அரண்மனைக்கு ஒரு கதவு. இங்கே எல்லாமே தயாராக இருந்தது. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களம்தான் வட்டம். எதிரே தேயிலைச் சரிவில் ஜனங்கள். பின்னால் படியேறிப் போனால் ஃபாக்டரியின் பெரிய இரட்டைக் கதவு. காவலாளி ஞாயிறு மதியம் மட்டும் திறந்துவிடச் சம்மதித்திருந்தார், அவருக்கும் ஒரு பாட்டு தருவதாக இருந்தால்.

ராஜா வேஷம் ராசலிங்கத்துக்கு. ஃபாக்டரியில் தேயிலை உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் 'டிரையர்' ராசலிங்கம். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், மைக் தேவையில்லை. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், தேத்தண்ணி குடிங்க" என்றார். ஃபாக்டரி மூடிய தேயிலைத் தோட்டத்தில், கடையில் வாங்கிய பாக்கெட் தூளில் போட்ட தேத்தண்ணி. 

அவர் கதையைச் சவரிமுத்து தனியே சொன்னான். ஃபாக்டரியைப் பூட்டிய அன்று பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் ராசலிங்கம் கையை உயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறார்: இந்தக் கதவு திறந்து வேலை தொடங்காமல் இந்த மலையைவிட்டு இறங்க மாட்டேன் என்று. அதைக் கேட்டுத்தான் பலர் சில மாதம் பொறுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சொன்னவரால் மட்டும் இறங்க முடியவில்லை. இப்போது அவர் மனைவி பாக்கியத்துக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் திருப்பூரில் பாக்கியத்தின் தம்பி இடம் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை பஸ். ராசலிங்கம் வரவில்லை. பூட்டிய லயத்தில், யானைகளுக்கு நடுவில், தனியாக இருக்கப்போகிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நீங்களும் கூடப் போயிட்டா என்னங்க?"

"அவங்க போறாங்க சார். நான் அத்தன பேரு முன்னாடி சொன்ன சொல்லு. நாளைக்கு எவனாச்சும், 'டிரையரும் எறங்கிட்டான்டா'ன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எங்க இருந்தா என்ன?"

 கல்லூரியில் பேராசிரியர் சொன்னது ஞாபகம் வந்தது. துன்பியல் நாயகன் கெட்டவனாக இருக்க மாட்டான். அவனுடைய நல்ல குணம் எதுவோ, அதுவே அவன் காலை வாரிவிடும். அன்றைக்குப் பரீட்சைக்காக எழுதிய வாக்கியம், எதிரே உட்கார்ந்து தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தது. நாடகத்தின் கதையும் கிட்டத்தட்ட அதுதான்: ஊற்று வற்றிய மலைக்கோட்டை, ஊரே கிளம்புகிறது, கோட்டையை விட்டுப் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த ராஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான், கோட்டை இடிந்து சாகிறான். வேண்டுமென்றுதான் எழுதினாயா என்று சவரிமுத்துவைக் கேட்டேன். முகமூடிக்குப் பசை தடவுவதில் மும்முரமாக இருந்தான்.

கோரஸ் முழுக்கப் பெண்கள். கிரேக்கத்தில் பெண்கள் மேடை ஏறக்கூடாது, ஆனால் ஆண்கள் எல்லாம் பனியன் தைக்கப் போய்விட்டார்களே. பன்னிரண்டு பேர், எல்லாரும் கொழுந்து பறிப்பவர்கள். வலப்பக்கம் நகர்ந்து ஒரு பாட்டு, இடப்பக்கம் நகர்ந்து ஒரு பாட்டு என்ற கோரஸ் நடையைச் சவரிமுத்து சொல்லிக்கொடுத்த விதம் அழகு. தேயிலைக்காட்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை உண்டு. காலையில் கொடுத்த நிரையைவிட்டு அவள் மாற மாட்டாள். "இது உங்க நிரை. மேலயும் கீழயும் போங்க, அடுத்த நிரைக்குள்ள போகாதீங்க" என்றான். ஒரே நாளில் பட்டாளம்போல நகர்ந்தார்கள்.

ஒத்திகையில் பாக்கியம்தான் கேட்டார். மெல்லிசான பெண்மணி, அதுவரை பாட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவர்.

"வாத்தியாரே, உள்ள போனா அந்தாளு செத்துருவாருன்னு எங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கதவு எங்க பக்கத்துலதான இருக்கு?"

"ஆமா."

"புடிச்சு நிறுத்தக் கூடாதா?"

"கூடாதும்மா. கோரஸ் கடைசிவரைக்கும் களத்துலயே நிக்கும். எல்லாத்தையும் பாக்கும், அழும், புத்தி சொல்லும். தடுக்காது. அதுதான் வழக்கம்."

"நம்ம சங்கத்துத் தலைவருங்க மாதிரி" என்றார் பக்கத்து நிரை மாரியாயி. ஒத்திகை ஐந்து நிமிஷம் நின்றது.

ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு ஆரம்பம். கிரேக்கர்களும் பகலில்தான் நாடகம் போட்டார்கள். யானைக்குப் பயந்தா என்று தெரியவில்லை. மிச்சமிருந்த குடும்பங்களும், நாடகத்துக்காகவே திருப்பூரிலிருந்து வந்தவர்களும் சரிவில் உட்கார்ந்தார்கள். ராஜாவின் முகமூடி தேயிலைச் சாக்குத்தாளை ஊறவைத்து ஒட்டியது, உள்ளே தூள் வாசனை. ராணி வேஷம் சவரிமுத்துவுக்கு; முகமூடிக்குக் கீழே மீசை நுனி தெரிந்தது. எனக்கு முதலில் காவலன், அப்புறம் தூதன். சாவை மேடையில் காட்டக்கூடாது, உள்ளே நடக்கும், தூதன் வந்து சொல்ல வேண்டும் என்பதுதானே விதி. நான்கு பக்க வசனம். சவரிமுத்து தபாலில் அனுப்பி, நான் பஸ்ஸில் வாந்திக்கு நடுவே மனப்பாடம் செய்தது. ஒரே சங்கடம், முகமூடிக்குள் என் கண்ணாடி நுழையவில்லை. கழற்றினால் எனக்கு உலகம் ஒரு பச்சைக் கறை.

கடைசிக் காட்சி. நான் பின்புறம் பாய்லர் கொட்டகையில் நிற்கிறேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், நூறு எண்ணிவிட்டுச் சுற்றிக்கொண்டு களத்துக்கு வர வேண்டும். ஆகவே அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. தூதனுக்கே சவரிமுத்து தூதனாக வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ராஜா கடைசி வசனத்தைச் சொன்னார்: "சொன்ன சொல் என் சுவர். இதை விட்டு நான் இறங்கேன்." திரும்பிப் படி ஏறினார். கோரஸ் இடப்பக்கம் நகர்ந்து புலம்ப வேண்டும். பாக்கியம் நகரவில்லை. நிரையைவிட்டு வெளியே வந்தார். படியேறி, ராஜாவுக்கு முன்னால் போய், பாதி திறந்திருந்த கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். முகமூடி போட்டபடியே.

"நீங்க உள்ள போகக் கூடாது" என்றார். வசனத்தில் அது இல்லை.

"தள்ளு பாக்கியம்" என்றார் ராஜா, அடிக்குரலில். அதுவும் இல்லை.

"இத்தன மாசம் அழுதாச்சு, புத்தி சொல்லியாச்சு. இனி என்னால வேடிக்க பாக்க முடியாதுங்க."

ராசலிங்கம் மனைவியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தேயிலைக்காட்டில் இன்னொரு பழக்கம் உண்டு, சவரிமுத்து அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒருத்தி தன் நிரையில் முடியாமல் திணறினால், இரண்டு பக்கத்துப் பெண்களும் கேட்காமலே அவள் நிரைக்குள் இறங்கிக் கைகொடுப்பார்கள். மாரியாயி படியேறினார். பின்னால் மற்றவர்களும். பன்னிரண்டு பேரும் கதவில் சாய்ந்ததில் அந்தக் கனத்த இரட்டைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது. நூறு எண்ணினேன். பதற்றத்தில் அறுபதிலேயே ஓடி வந்தேன்.

"ஊராரே! மன்னன் மாண்டான்!"

சரிவில் ஒரே அமைதி. என் நடிப்பின் மகிமை என்று நினைத்தேன்.

"ஏங்க தூதரே" என்றது ஒரு பெரியவரின் குரல், "மன்னன் அந்தா படியில நிக்கிறாரு."

கலாட்டா செய்கிறார்கள் என்று முடிவுகட்டி, குரலை இன்னும் உயர்த்தினேன். தூண் சரிந்ததைச் சொன்னேன். உத்தரம் அவர் மார்பில் விழுந்ததைச் சொன்னேன். "என் கண்ணால் கண்டேன்" என்று படியைப் பார்த்துக் கை நீட்டினேன்; பச்சைக் கறைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கறை குலுங்கியது. அது ராஜா. சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் முகமூடிக்குள் பானைக்குள் சிரிப்பதுபோல் கேட்டது. பிறகு அதைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரையர் குரலில் சிரித்தார். சரிவு முழுக்கச் சிரித்தது. பூட்டு விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லையாம்.

சிரிப்பு அடங்கியதும் ராசலிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். அன்று சத்தியம் செய்த அதே இடம். அதே ஆட்களில் பாதிப் பேர்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல? சத்தியம் பண்ணினவன் செத்துட்டானாம். படிச்சவரு, கோயமுத்தூர்லருந்து வந்து சொல்றாரு."  பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

"ஏழுக்கு" என்றார் பாக்கியம்.

"டிரையரும் எறங்கிட்டான்டா" என்று யாரும் சொல்லவில்லை. காத்திருந்து பார்த்தேன், எனக்கு வம்பு பிடிக்கும். யாரும் சொல்லவில்லை.

சவரிமுத்து ராணி வேஷத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். "ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து வழக்கத்தக் கெடுத்துட்டாங்கடா" என்றான். முகமூடியைக் கழற்றவே மாட்டேன் என்றான், வெகுநேரம்.

மறுநாள் ஏழு மணி பஸ்ஸில் நானும் அவர்களோடுதான் இறங்கினேன். வளைவில் ஃபாக்டரியின் தகரக் கூரை ஒருமுறை தெரிந்தது. ராசலிங்கம் பார்க்கவில்லை, அல்லது நான் பார்க்காதபோது பார்த்தார். சின்னப் பெண் என் மடியில் வாந்தி எடுத்தாள். எனக்குக் கோபமே வரவில்லை, சக பயணி.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். தென்மேற்கு மழையில் போனால் குடையும், அட்டைக்கு உப்பும் அவசியம். கோவையில் அதிகாலை பஸ்ஸைப் பிடித்தால்தான் வெளிச்சத்தில் பந்தலூர் சேரலாம். ஐந்து மணிக்கு மேல் எஸ்டேட் பாதைகளில் நடக்காதீர்கள். மலைப்பாதைக்கு முன் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். கண்ணாடி போடுபவர்கள் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். நான் சொன்ன களத்தைத் தேடிப் போக வேண்டாம்; தேயிலைக்கு விலை கொஞ்சம் எழுந்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை, படிகளைக் காட்டுச்செடி மூடிவிட்டது. சவரிமுத்துவும் மாற்றலாகிக் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறான். இப்போது நகைச்சுவை நாடகம் எழுதுகிறான், சிரிப்பு வருவதில்லை.

ராசலிங்கம் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் இருந்தார். பெரிய பெண்ணின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பந்தல், உள்ளே சுவரில் அந்தச் சாக்குத்தாள் முகமூடி. பாக்கியம் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். ராசலிங்கம் கல்யாண வேலைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்து, வாசல்வரை கேட்கும் அந்த டிரையர் குரலில் வரவேற்றார்:

"வாங்க தூதரே, தேத்தண்ணி குடிங்க. இன்னிக்கு யாரு செத்தது?"