கோது புடைத்த சுளகு

எங்கள் பக்கத்து வீட்டு நேசமலரக்கா துவக்குச் சுடுகிறவர். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஜேர்மனியில், பீலெஃபெல்ட் தமிழ்க் கடையில் கறிவேப்பிலையை மணந்து பார்த்து, "உது முந்தநாளையான்" என்று திருப்பி வைக்கிற, கொண்டைக்குக் கறுப்பு வலை போட்ட மனிசி எங்கே, துவக்கு எங்கே? ஆனால் உண்மை. எங்கள் ஊர்ச் சுடும் கழகத்தில், ஃபெரைன் என்றுதான் நாங்கள் சொல்லுவோம், பெண்கள் அணியில் அசையாத கை அவருடையதுதான். ஒருமுறை நானும் போய்ப் பார்த்தேன். ஐந்து வெடி. தூரத்தில் தொங்கிய கடதாசியைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரேயொரு ஓட்டைதான் இருந்தது. மற்ற நாலும் எங்கே என்று கேட்டேன். எல்லாம் அதற்குள்ளாலேதான் போயிருக்கிறது என்றார்கள். மாதாவே! முதல்நாள் அதே கையால்தான் எனக்குப் புட்டு அவித்துத் தந்திருந்தார்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். அந்தக் கழகத்துக்கு அவர் முதலில் போனது மண்டபத்தைக் கூட்டித் துடைக்க. சுட்டு முடிந்தால் நிலமெல்லாம் வெடித்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் சிதறிக் கிடக்கும். மற்றவர்கள் தும்புத்தடியால் ஒரே இழுவையில் மூலைக்குத் தள்ளுவார்கள். அக்கா மட்டும் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டாராம். கழகத்தின் சுடுதளத்துக்குப் பொறுப்பான கிழவர் வேர்மன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் "நீங்களும் ஒருக்கால் சுட்டுப் பாருங்களேன்" என்று கேட்டிருக்கிறார். அந்த முதல் வெடியே நடுவில் போய் விழுந்ததாக வேர்மன் இன்றைக்கும் சொல்லுவார். அவர் கொஞ்சம் கூட்டிக் கதைக்கிற ஆள்தான், ஆனாலும் நான் நம்புகிறேன்.

பிறகு அக்கா அதில் ஊறிவிட்டார். சுட்ட கோதையே திரும்பத் திரும்ப வெடிமருந்து நிரப்பிச் சுடலாம். அதற்குப் படிப்பு, சோதனை, அனுமதி எல்லாம் உண்டு. அதற்காக அவர் அலைந்த டெர்மின்களை, அதுதான் அலுவலகச் சந்திப்புகளை, எண்ணினால் ஒரு வீடே கட்டி முடித்திருக்கலாம். நிரப்புவதற்கு முதல் கரி பிடித்த கோதைத் துப்புரவாக்க வேண்டும். சோளப்பொத்தித் தக்கையை அரைத்த குறுணியை ஒரு உருளையில் கொட்டி, கோதுகளையும் போட்டு மூடி, மணிக்கணக்காகச் சுழல விடுவார். உள்ளே போகும்போது அடுப்புக்கரி மாதிரி இருப்பது, வெளியே வரும்போது கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கும். அதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும்.

இந்த வேலை சனிக்கிழமைகளில் வீட்டின் கெல்லரில், நிலத்தடி அறையில், நடக்கும். நான் மேலே குசினியில் அவருடைய பேத்தி சிசிலியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். பிள்ளைக்கு அப்போது தவழுகிற வயது. தாய் ஜெசிகாவுக்குச் சனிக்கிழமையில் வேலை. அக்காவின் காலடி படியில் கேட்டதும் பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாயும். அக்கா தொடமாட்டார். போட்ட உடுப்பைக் கீழேயே தோய்க்கிற மெசினுக்குள் தள்ளிவிட்டு, ஒரு பழைய சட்டையோடு, கையிரண்டையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போவார்.

"பொறு குஞ்சு, அம்மம்மா முழுகிட்டு வாறன்."

பிறகு அரை மணித்தியாலம் தண்ணீர்ச் சத்தம். வெளியே பனி கொட்டினாலும் தலையில் தண்ணீர் ஊற்றாமல் வரமாட்டார். என்னுடைய தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிடும். பிள்ளை வீடதிரக் கத்தும். எனக்குப் பொறுமை குறைவு என்பது ஊருக்கே தெரியும்.

"பிள்ளை கத்திச் சாகுது, ஒருக்காத் தூக்கினால் என்னக்கா குறைஞ்சு போகும்?"

"செத்த வீட்டாலை வந்து ஆரும் முழுகாமல் பிள்ளையைத் தூக்குவினமே?"

"இப்ப ஆர் செத்தது? கடதாசியோ? நாங்கள் வேதக்காரர், எங்களுக்கென்ன துடக்கு? உங்களுக்கு நல்ல விசர்!"

அவர் சிரித்துக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்துவார்.

போன இலையுதிர்காலத்தில் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கிடுகிடுத்தது. பிறகு போட்டியில் வெடிகள் கடதாசியின் ஓரத்துக்குப் போயின. தலையிடி, வயிற்றுக்குத்து, ஓயாத களைப்பு. வயதாகுது என்று சமாளித்துப் பார்த்தார். ஜெசிகா விடவில்லை, டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என்ன பொழுதுபோக்கு என்று டொக்டர் அம்மா கேட்டிருக்கிறார். சொன்னதும் மனிசி பேனையைக் கீழே வைத்துவிட்டு, இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி எழுதினாராம்.

ஈயம் இருந்தது. இருக்கக்கூடிய அளவை விட நன்றாகக் கூடுதலாக. தனக்குத்தானே என்று அக்கா தலையை ஆட்டினாராம். ஆனால் டொக்டர் அடுத்ததாக, "வீட்டில் சின்னப் பிள்ளை ஆராவது வந்து போகிறதா?" என்று கேட்டாராம். சின்னப் பிள்ளையின் மூளையைக் கெடுக்க ஈயத் தூசி கொஞ்சம் போனாலே காணுமாம்.

அன்றைக்கே சிசிலியின் இரத்தமும் எடுத்தார்கள். முடிவு வர ஒரு கிழமை என்றார்கள். ஜெசிகா வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அம்மா, றிசல்ற் வருமட்டும் நான் சிசிலியை இஞ்சை கொண்டு வரேல்லை. கோவிக்காதேங்கோ."

"ஓம் மகள். கொண்டு வராதை."

அந்தக் கிழமை முழுக்க நான் போகும்போதெல்லாம், அக்கா கைகளை மடியில் வைத்துப் பார்த்தபடி ஒரே கதிரையில் இருந்தார். சமையல் இல்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சோறு கோப்பையில் அப்படியே காய்ந்து கிடக்கும். பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "என்ர கையாலை அந்தப் பிள்ளைக்கு ஒண்டெண்டால்" என்று தொடங்குவார், முடிக்கமாட்டார்.

வேர்மன் கேள்விப்பட்டு வந்தார். எங்கள் மூன்று பேருக்கும் தூசி மூடி கொண்டுவந்திருந்தார், மூக்கிலிருந்து நாடிவரை மூடுகிற வகை. எங்கே பிழை என்று பார்க்காமல் போகமாட்டேன் என்று, மூடியைப் போட்டுக்கொண்டு எங்களோடு கெல்லருக்கு இறங்கினார். உருளையை மூடித்தான் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். மூடித்தான். குறுணிக்குள் கடதாசித் துண்டு கிழித்துப் போடுகிறீர்களா, அது தூசியைப் பிடிக்குமே? போடுகிறேன். மண்ணெண்ணெய் ஒரு கரண்டி? அதுவும். கிழவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அப்படியென்றால் கோதையும் குறுணியையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்?"

அக்கா மூலையில் கிடந்த சுளகை எடுத்தார். தமிழ்க் கடையில் வாங்கிய பனையோலைச் சுளகு. அரிசி புடைக்கிற மாதிரி! அதற்கென்று மூடியோடு கூடிய அரிதட்டு இருக்கிறதாம். ஆனால் சுளகு கையில் இருக்கிற எங்கள் பெண்ணுக்கு அதைப் போய் வாங்கத் தோன்றுமா? எனக்கும் தோன்றியிராது.

"ஒருதடவை மட்டும் செய்து காட்டுங்கள்" என்றார் வேர்மன். யன்னலைச் சாக்கால் மூடினார், விளக்கை அணைத்தார், கையிலிருந்த ரோச் லைற்றைப் பக்கவாட்டாகப் பிடித்தார்.

அக்கா ஒரு கை புடைத்தார். கோதுகள் கிணுகிணுவென்று எழும்பித் திரும்பி வந்து விழுந்தன. ஒன்றுகூட வெளியே சிந்தவில்லை, அவ்வளவு பக்குவம். பிறகுதான் அந்த வெளிச்சத்துக்குள் அது எழும்பியது. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில், ஆயிரம் ஆயிரமாய், வெள்ளிப் பொடி மாதிரிச் சுழன்று சுழன்று மேலே போய், அக்காவின் முகத்துக்கு முன்னால் ஆறுதலாக நின்றது. விழவேயில்லை. நாங்கள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றோமோ, அவ்வளவு நேரமும் அது நின்றது. இவ்வளவு வடிவான ஒரு சாமானையா இந்த மனிசி இரண்டு மாரியாக மூச்சில் இழுத்தார்? பயமும் அதிசயமும் ஒன்றாக வந்து என் வாயை அடைத்தன. என் வாயை அடைப்பது லேசான காரியமில்லை.

"உருளை சுழலும்போது ஆபத்தில்லை, திறந்து கொட்டும்போதுதான்" என்றார் வேர்மன். வெடித்த கோதின் கரியில் ஈயம் இருக்கிறது, அது குறுணியில் ஒட்டி மாவாகிறது. குரல் மெதுவாக வந்தது. சுளகை அவரே ஒரு பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தோம், தும்புத்தடியை யாரும் தொடவில்லை. அக்கா உடுப்பை மாற்றிக் கீழேயே மெசினுக்குள் போட்டார், மேலே வந்தார், முழுகினார். பிள்ளை இல்லாத வீட்டில் ஆருக்காக இந்த முழுக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

முடிவு வந்த அன்று ஜெசிகா ஃபோன் எடுக்கவில்லை, நேரே வந்தாள். இடுப்பில் சிசிலி. வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள்.

"ஒண்டுமில்லை அம்மா. பிள்ளைக்கு ஒண்டுமேயில்லை."

அக்கா கதிரையின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"டொக்டருக்கே அதிசயம்" என்றாள் ஜெசிகா. "கெல்லராலை வந்து என்ன செய்வா எண்டு கேட்டா. உடுப்பைக் கீழை போட்டிட்டு, முழுகாமல் பிள்ளையைத் தொடமாட்டா எண்டு சொன்னன். அதுதான் காப்பாத்தியிருக்கு எண்டு சொன்னா அம்மா. அந்தத் தூசி உடுப்பிலையும் தலைமயிரிலையும்தான் வீட்டுக்குள்ளை வாறதாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். எத்தனை சனிக்கிழமை இதற்காக அவரைப் பேசியிருக்கிறேன்!

"அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும் எவ்லின். தெரிஞ்சிருந்தால் சுளகு எடுப்பனே?"

"அப்ப என்னத்துக்கு அந்த முழுக்கு?"

அவர் பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மன்னாரிலை, சண்டை நேரம், என்ர தம்பியைத் தேடிப் போனன். கிணத்தடியிலை கோதுதான் கிடந்தது. ஆள் இல்லை. கையாலை பொறுக்கிச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டு வந்தன். ஆளைக் காணாமல் செத்த வீடு செய்ய அம்மா விடேல்லை. வருவான் வருவான் எண்டு சொல்லிச் சொல்லியே அவவும் கண்ணை மூடிட்டா. அவனுக்கெண்டு நாங்கள் ஒருத்தரும் முழுகேல்லை."

குசினியில் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"இது கடதாசியைச் சுட்ட கோதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், கையிலை எடுத்தால் அண்டைக்குப் பொறுக்கினதுதான். கறுத்துக் கிடக்க விட மனம் கேக்காது. மினுக்கி வைச்சிட்டு, அவனுக்காக முழுகிறன். வேறை என்ன செய்ய?"

ஜெசிகா அந்தத் தம்பியின் பெயரை அன்றைக்குத்தான் கேட்டறிந்தாள். பெயர் ராசன். பிள்ளை கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தது. அக்கா தன் கையிரண்டையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கினார்.

ஈயம் இறங்கப் பல மாதம் எடுத்தது. டொக்டர் ஓம் சொன்ன பிறகுதான் அக்கா மறுபடி கெல்லருக்கு இறங்கினார். இப்போது குறுணி இல்லை. தண்ணீர், சவர்க்காரம், நுண்ணிய உருக்கு ஊசிகள், எல்லாம் ஈரத்திலேயே சுழலும். தூசி எழும்ப வழியில்லை. அந்தக் கறுப்புத் தண்ணீரையும் சிந்தாமல் தனிக் கலனில் சேர்த்து, நச்சுக்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்கிறார். அங்கே சுளகைக் கொடுத்த அன்று அந்த ஆள் இது என்ன இசைக்கருவியா என்று கேட்டானாம்.

முதல் சனிக்கிழமை படியில் காலடி கேட்டதும் சிசிலி பாய்ந்தாள். இப்போது நடக்கிறாள், ஓடிப்போய்க் காலைக் கட்டப் பார்த்தாள். நான் குறுக்கே போய்த் தூக்கிக்கொண்டேன். அக்கா கையைப் பின்னுக்குக் கட்டியபடி எங்களைச் சுற்றிப் போனார். பிள்ளை வீடதிரக் கத்தியது. நான் துவாயை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் போய் நின்றேன்.

"ஆறுதலா முழுகுங்கோ அக்கா" என்றேன். "நான் பிள்ளையை வைச்சிருக்கிறன்."