தொக்கம் எடுத்த பிள்ளை

என் மகனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. ஆரணியில் தறி போட்ட வீடு எங்களுடையது. ஒரு பகல், வீட்டுக்காரர் பட்டு நெய்துகொண்டிருந்தார், நான் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கிண்ணம் வறுத்த மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். பையன் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஓடினான். சிரிப்பு பாதியில் நின்றது. முகம் நீலம் பாரித்துவிட்டது. ஓடிப்போய் முதுகில் அடித்தேன். பெரிதாக ஓர் இருமல் வந்து மூச்சு திரும்பியது. வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு விட்டு விட்டு இருமினான். பிள்ளைக்கு உள்ளே ஏதாவது மாட்டிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் தொக்கம் எடுப்பார்கள். அதற்கென்று இருப்பவர்கள் ஊதி, உறிஞ்சி, மாட்டியதை வெளியே கொண்டுவந்துவிடுவார்களாம். ஆஸ்பத்திரி என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. கண்ணமங்கலம் பஸ் பிடித்து, வழியில் இறங்கி, அப்படி ஓர் அம்மாவிடம் போனோம்.

அவள் பிள்ளையை மடியில் கிடத்தி இரண்டு காதிலும் ஊதினாள். தொண்டைக்குழியில் வாயை வைத்து உறிஞ்சினாள். பிறகு தட்டில் துப்பினாள். எச்சிலோடு ஒரு பாதி மல்லாட்டை விழுந்தது.

"பாத்துகினியா? இதான் மாட்டிகினு இருந்துச்சு. இனிமே பயமில்ல, இட்டுகினு போ."

யாரையும் லேசில் மெச்சாத என் வீட்டுக்காரர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

இருமல் போகவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. முதுகில் காது வைத்துக் கேட்பேன். இடது பக்கம் காற்று போய் வரும். வலது பக்கம், கீழே, ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும். அவன் இருமும்போதெல்லாம் தறிச் சத்தம் நிற்கும், அடங்கியதும் மறுபடி ஓடும்.

ஊர் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். "எப்பவாவது புரையேறிச்சா?" என்று கேட்கவும் செய்தார்.

நான் வாயெடுக்குமுன் என் வீட்டுக்காரர் சொன்னார். "ஏறிச்சு சார். அத்த அப்பவே எடுத்தாச்சு. நானே கண்ணால பாத்தேன்."

எடுத்தாச்சு என்ற பிறகு யார் எடுத்தது என்று எவர் கேட்பார்? பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது பிள்ளைகளுக்கு வரும் டி.பி., என்று மருந்து எழுதினார். அந்த நாளில் எங்கள் தெருவில் இருமுகிற பிள்ளைக்கெல்லாம் அதே பேர்தான். மருந்தில் மூத்திரம் சிவந்ததே தவிர இருமல் குறையவில்லை. நெஞ்செலும்பு தெரிந்தது. விரல் நுனிகள் உருண்டு வீங்கின. எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது அவன் வாய் நாற்றம். கொஞ்சக் குனிந்தால் சாக்கடை வாடை அடிக்கும். பால் குடித்த வாயில் அப்படி என்ன அழுகும்? ஒரு நாள் என் தோளில் இருமியபோது புடவையில் ரத்தம். இவர் தறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எழுந்தார். வேலூருக்குப் போனோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் நெஞ்சு ஆபரேஷன் பார்க்கும் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். இவரும் அதே பதிலைச் சொன்னார். அவர் விடவில்லை.

"எந்த ஆஸ்பத்திரியில எடுத்தாங்க?"

"தொக்கம் எடுத்தோங்க," என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படத்தை மறுபடி விளக்குக்கு நேரே பிடித்தார்.

மயக்கம் கொடுத்து, விளக்கு வைத்த குழாயை மூச்சுக்குழலில் விட்டுப் பார்த்தார்கள். வலது பக்கம் ஊறி, கறுத்து, பாதி மல்லாட்டை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

"ஆனா அதுக்குக் கீழ நுரையீரல் அழுகிப்போச்சும்மா. அப்படியே விட்டா மத்ததையும் கெடுத்துடும். நெஞ்சைத் திறந்து அந்தப் பாகத்தை எடுக்கணும்."

"பொழைப்பானாங்க?"

"சின்ன உடம்பு. உறுதியா சொல்ல முடியாது. எடுக்காம விட்டா நிச்சயமா தாங்க மாட்டான்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தத் தட்டுல வுழுந்தது இன்னாது?"

"அவ வாயில வெச்சிருந்தது," என்றேன். அந்த நேரத்தில் அவள் எதிரே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

உயிரோடு கொண்டுவந்தார்கள். விலாவில் கட்டு, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் தண்ணீர் பாட்டில். நெஞ்சில் தங்கிய காற்று அதன் வழியாகக் குமிழியிட்டு வெளியே வருமாம். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, இவன் இருமியே ஆகவேண்டும் என்றாள். இருமாவிட்டால் மிச்ச நுரையீரல் விரியாது, சளி கட்டும், பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

அந்த இருமல் நிற்க நான் வேண்டாத தெய்வமில்லை. இப்போது தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இருமுடா கண்ணு, ஒரேவாட்டி," என்று கெஞ்சினேன். வலிக்குப் பயந்து உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அந்தப் பெண் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாள். அவள் முகம் சுருங்கியது.

இவர் கட்டிலருகே மண்டியிட்டு, பிள்ளை முகத்துக்கு நேரே தானே இருமினார். வார்டே திரும்பிப் பார்த்தது. வெட்கப்படாமல் மறுபடி இருமினார். பையன் அப்பாவை முறைத்தான். பிறகு வீறிட்டுக்கொண்டே இருமினான். பாட்டிலில் தண்ணீர் குபுகுபுவென்று கொப்புளித்தது.

"இன்னொருவாட்டி," என்றாள் அந்தப் பெண்.

அப்பனும் பிள்ளையும் மாறி மாறி இருமினார்கள். அவன் வலியில் துடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "போதும்மா," என்றான். நான் வாய்விட்டு அழுதுகொண்டே, "இன்னும் இருமுடா," என்றேன்.