வைகாசித் தாள்

கடையில் கொடுத்த தினசரி காலண்டரைப் பிரித்ததும் மை வாசனை அடித்தது. எங்கள் சிவகாசி வீட்டுக்கு அந்த வாசனை ஆடியிலேயே வந்துவிடும். அச்சகத்தில் வேலை பார்த்த அப்பா, அடுத்த வருடக் காலண்டரை அப்போதே கொண்டுவருவார். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் அம்மா, வாங்க வேண்டியதை அதில் எழுதிவைப்பாள்.

ஒரு வருடம் நான் சைக்கிள் கேட்டேன்.

“தீவாளித் தாள்ல எழுது. போனஸ் வரும்ல,” என்றார் அப்பா.

“போனஸுக்குத்தான் ஊரே பங்கு கேட்டு நிக்குமே. பங்குனி, சித்திரை வெயில்லதான் பட்டாசு நல்லாக் காயும், வேலையும் நிக்காது. வாராவாரம் கூலில எடுத்துவச்சா வைகாசில வாங்கிரலாம்,” என்றாள் அம்மா.

“தையிலயே வாங்குனா என்னம்மா?”

“ஏலே, வெயிலு என்ன ஒம் மாமனா, கூப்பிட்டதும் வர?”

அந்தச் சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. அம்மாவை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வரவில்லை. சைக்கிள் போச்சு என்றிருந்தேன். அம்மா, சைக்கிள் என்று எழுதியிருந்த வைகாசித் தாளைக் கிழித்து, ஆனியில் குண்டூசியால் குத்தினாள்.

“தள்ளித்தாம்லே வச்சிருக்கேன்.”

ஆனியில் சைக்கிள் வந்தது.

இப்போது எனக்கு மழையோ வெயிலோ, மாதச் சம்பளம் தவறாது. மகள் கேட்ட கீபோர்டை எழுதத் தாள்களைப் புரட்டினேன். விரல் தானாக வைகாசியில் நின்றது.

“ஏன்ப்பா அங்க?” என்றாள்.

“அதுக்குள்ள நல்லா வெயில் அடிச்சிருக்கும்மா.”