ஒன்றாகப் போட்டதை ஒன்றாக எடு

டிசைன் அறையில் தவறு செய்கிறவனை மன்னித்துவிடலாம், தவறைப் பாதி மட்டும் திருத்துகிறவனிடமிருந்துதான் தப்பிக்க முடியாது என்பது கணினி முன்னால் முதுகு ஒடிந்த தோழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலைநிறுத்தம் செய்ததற்காகப் பெரிய ஆலை ஒன்று என்னை வெளியே தள்ளிய பிறகு, ஓசூரில் பம்பு மூடிக்கு அச்சு செய்யும் சிறிய கம்பெனியில் அளவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. இங்கே என்னைத் ‘தலைவரே’ என்பார்கள். பாதி மரியாதை, பாதி கேலி.

போல்ட் எங்கே?

பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவர் மூடியின் கனத்தைக் கூட்டச் சொன்னார். கனத்தைக் கூட்டினால் விளிம்பு நகரும், விளிம்போடு போல்ட் துளைகளும் நகரும். எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும், பழையதே போதும் என்று போன் வந்தது. தளியிலிருந்து வரும் மஞ்சுநாத் ‘அண்டூ’ விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு மாற்றமாகப் பின்வாங்கினான். திரையில் மூடி பழையபடி தெரிந்ததும் கையை எடுத்துவிட்டான். துளைகள் மட்டும் புது இடத்திலேயே நின்றுவிட்டன.

அதைக் கவனிக்காமல் அச்சு வெட்டி, மாதிரி வார்த்து அனுப்பினோம். போல்ட் பொருந்தாமல் அச்சு வீணானது. இன்னொரு அச்சு வீணானால் கடைசியாகச் சரிபார்த்தவர் வீட்டுக்குப் போகலாம் என்றார் மேனேஜர். கடைசியாகச் சரிபார்ப்பது ஷாஹினா. மத்திகிரியில் வாடகை வீட்டில் இருப்பவள், இன்னும் நிரந்தரமாகாதவள். தப்பு ஒருவருடையது, கழுத்து இன்னொருவருடையது. முதலாளித்துவத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தத் துண்டறிக்கையிலும் படித்ததில்லை. வாடிக்கையாளருக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. போனில் அவர் சொன்னது:

“மூடி ரொம்ப அழகா இருக்குங்க. போல்ட்டை எங்க மாட்டறது, என் மண்டையிலயா?”

ஷாஹினாவின் மூட்டை

அவள் அழவில்லை, மனுக் கொடுக்கவில்லை. மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல் ஒன்றை எழுதினாள். ஒரே காரணத்துக்காகச் செய்த மாற்றங்களை எல்லாம் அது ஒரு பெயரில் மூட்டையாகக் கட்டிவிடும். வேண்டாம் என்றால் ஒரே தட்டு, மூட்டை முழுக்கத் திரும்பிவிடும். அதில் ஒரு மாற்றம் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால், மற்றவையும் அசையாது.

முடிந்தவரை திரும்பட்டுமே, ஒன்றுக்காக மற்றதை ஏன் தடுக்கிறாய் என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“டீ குடிக்கும்போதெல்லாம் நீங்கதானே சொல்வீங்க தலைவரே, போனா எல்லாரும் போகணும், வந்தா எல்லாரும் வரணும்னு.”

அவிழாத முடிச்சு

அடுத்த அச்சிலும் வாடிக்கையாளர் மனம் மாறினார். கைப்பிடியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகவேண்டும், எஃகுக் கட்டி இயந்திரத்தில் ஏறிக் காத்திருக்கிறது, மேனேஜர் ஷாஹினாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அவள் தட்டினாள். நிரல் மறுத்துவிட்டது. நகர்த்திய கைப்பிடியை நம்பி மஞ்சுநாத் அச்சைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதையை வரைந்திருக்கிறான், கைப்பிடி திரும்பினால் பாதை அந்தரத்தில் தொங்கும் என்று அவன் பெயரோடு திரையில் காட்டியது.

‘உன் மூட்டை அவிழவே மாட்டேங்குதேம்மா’ என்று சிரித்த மேனேஜர், பழையபடி கையாலேயே ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். மஞ்சு அண்ணன் முதலில் பாதையை எடுக்கட்டும், அதுவரை தொடமாட்டேன் என்றாள். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னாள். எத்தனையோ நுழைவாயில் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியவன் நான். அத்தனை அமைதியான வேலைநிறுத்தத்தை அன்றுதான் பார்த்தேன்.

மஞ்சுநாத் எழுந்துபோய்ப் பாதையை எடுத்தான். அவள் மறுபடி தட்டினாள், எல்லாம் ஒன்றாகத் திரும்பின. அச்சு வெட்டினோம், மாதிரி மூடியில் போல்ட் தானாக உட்கார்ந்தது. மேனேஜர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்:

“அன்னிக்கு நான் பேசினதை எல்லாம் ஒரு மூட்டையாக் கட்டி, ஒரே தட்டுல எடுத்துடும்மா.”

அந்தப் பெரிய ஆலையில் வேலைநிறுத்தம் செய்து வெளியே போன எங்களில் பாதிப் பேரை மட்டும் உள்ளே சேர்த்துவிட்டு அதற்கு வெற்றி என்று போஸ்டர் ஒட்டிய எங்கள் சங்கத் தலைவர்களிடம் அப்படி ஒரு மூட்டை இருந்திருந்தால், ஷாஹினாவின் பக்கத்து நாற்காலியில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தே இருக்காது.